கீட்டோவில் ஒரு இரவல் பகல்

ரோமுக்குப் போக வரிசை நீண்டிருந்தது. பாரிசுக்கு இரண்டு வருஷமாவது காத்திருக்க வேண்டும் என்றார்கள். லூர்து நகருக்குப் பெயர் கொடுத்திருந்தவர்களின் கூட்டத்தைக் கேட்டதும் ரேமண்ட் கொரைரா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். உடனே கிடைக்கும் என்று சொல்லப்பட்ட ஊர் ஒன்றுதான்: ஈக்வடார் நாட்டின் தலைநகரம் கீட்டோ.

"அது எங்கன இருக்கு?" என்று படுத்தபடியே கேட்டாள் அவர் மனைவி மெட்டில்டா.

"தென்னமெரிக்காவுல, மலைக்கு மேல. ஊரே மேடும் பள்ளமுமாம். ஏறி எறங்கியே காலு செத்துப்போவும்னு போட்டிருக்கான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று ரேமண்டுக்கு உறைத்தது. ஆனால் மெட்டில்டா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அதுவே இருக்கட்டும். நெறைய நடக்கலாம்லா."

கழுத்துத் தண்டுவடத்தில் வந்த ஒரு கட்டி நரம்பை நெரித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கழுத்துக்குக் கீழே மெட்டில்டாவுக்கு அசைவும் உணர்ச்சியும் இல்லை. அதற்கு முன்னால் தூத்துக்குடியில் அவள் பேக்கரி வைத்திருந்தாள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து அவள் சுடும் மக்ரூனுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடை வாசலில் தள்ளுமுள்ளு நடக்கும். ரேமண்ட் அப்போது கப்பலில் என்ஜினியர். வருஷத்தில் பாதி கடலில் இருப்பார். இப்போது துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. வேலை முடிந்தால் நேராக வீடு. அவளைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் பவுடர் போடுவது எல்லாம் அவர்தான். ஆளை வைத்துச் செய்ய அவர் சம்மதிக்கவே இல்லை.

'துணைநடை' என்ற கம்பெனி, படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஒரு நாள் பயணம் இலவசமாகத் தருவதாக அறிவித்திருந்தது. கம்பெனியிலிருந்து கிளாடிஸ் என்ற பெண் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். பெட்டிக்குள் மீன்வலை போல மெல்லிய ஒரு தொப்பி இருந்தது.

"அங்க ஒரு பொம்பள காலையில கெளம்பி ஊரச் சுத்துவாங்கக்கா. அவங்க கண்ணு பாக்குறத நீங்க பாப்பிய. அவங்க நாக்குல படுற ருசி உங்க நாக்குல இருக்கும். கால்ல கல்லு குத்துனா உங்களுக்கும் குத்தும்," என்றாள் கிளாடிஸ்.

"அந்தப் பொம்பளைக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. முடிஞ்சதும் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கும். எதுவும் தெரியாது."

அந்தப் பெண் உள்ளே உறங்கிக்கொண்டிருப்பாள் போல என்று மெட்டில்டா எடுத்துக்கொண்டாள். தான் மட்டும் விழித்திருக்கும் ஒரு காலி வீடு.

மொழிபெயர்ப்புக்காக ஒரு சின்னக் கருவி சில நாட்கள் அவர்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டுப் பழகிக்கொண்டது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று மாலை, கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த ரேமண்ட் அவள் தலையில் தொப்பியை மாட்டினார். அங்கே அப்போது காலை.

"வந்து ஒண்ணு விடாம சொல்லணும்," என்றார்.

"சொல்லாம? உமக்குக் காது வலிக்கும்."

அதற்குப் பிறகு அவளுக்குக் கால்கள் வந்தன.

முதலில் தெரிந்தது பாரம்தான். பாதங்கள் இத்தனை கனமானவை என்பதை அவள் மறந்திருந்தாள். பிறகு குளிர், தோளில் உரசும் கம்பளிச் சால்வை, கொஞ்சம் இறுக்கமான செருப்பு. கல் பாவிய ஒரு சந்து செங்குத்தாக இறங்கியது. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர்கள், நீல பால்கனிகள், அவற்றில் செம்பூத் தொட்டிகள். சந்தின் முடிவில், வீடுகளுக்கு மேலே, ஒரு குன்றின் உச்சியில் இறக்கை விரித்த மாதா நின்றுகொண்டிருந்தாள்.

"யக்கா, வந்துட்டியளா?" என்றது ஒரு குரல்.

மெட்டில்டா திடுக்கிட்டாள். "நீ தூங்கலியா?"

"தூங்குனா எப்படிக்கா நடக்கது?" அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு மெட்டில்டாவின் விலாவையும் குலுக்கியது. "எம் பேரு மரிசோல். மரிசோல் கிஷ்பே. நீங்க மனசுல சொன்னா எனக்குக் கேக்கும்."

"நீ எப்படி எங்க தெருப் பேச்சு பேசுத?"

"நான் ஸ்பானிஷ்தான் பேசுதேன். உங்க காதுக்கு அப்படி வருது. நீங்க பேசுறதும் எனக்கு எங்க ஏரியாப் பேச்சாத்தான் கேக்கு."

நடக்கத் தொடங்கினார்கள். மரிசோலுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கடைக் கண்ணாடியில் ஒரு நொடி தெரிந்தாள்: வட்ட முகம், ஒற்றைப் பின்னல், மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. அந்தப் பட்டையைப் பார்ப்பவர்கள் எல்லாம் ஒரு மாதிரியாகப் புன்னகைத்தார்கள். பழம் விற்ற கிழவர் தொப்பியைத் தூக்கி, "இன்னைக்கு உள்ள யாரு?" என்று கேட்டார்.

"இந்தியாவுலேர்ந்து ஒரு அக்கா," என்றாள் மரிசோல்.

"நல்வரவு தாயே," என்று அவர் மரிசோலின் கண்ணுக்குள் பார்த்து மெட்டில்டாவுக்குச் சொல்லி, ஒரு துண்டுப் பழத்தை நீட்டினார். மரிசோலிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பசிலிக்கா என்று மரிசோல் சொன்ன பெரிய கோயிலுக்குப் போனார்கள். கல்கோபுரத்தின் விளிம்புகளில் தேவதைகளோ பூதங்களோ இல்லை. அந்த நாட்டு ஆமைகளும் உடும்புகளும், முதுகில் ஓடு போட்ட எறும்புத்தின்னிகளும் வாயைத் திறந்துகொண்டு வெளியே நீட்டியிருந்தன. மழைத் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் கொட்டுமாம். இரும்பு ஏணியில் ஏறும்போது தொடை நடுங்கியது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

"பயமா இருக்காக்கா? எறங்கிருவமா?"

"பயமாத்தான் இருக்கு. ஏறு."

இறங்கி வந்தபோது ஒரு பேக்கரியின் வாசனை மெட்டில்டாவைப் பிடித்து நிறுத்தியது. கண்ணாடிக்குப் பின்னால் துணியில் சுற்றிய குழந்தைகள் போல ரொட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். சர்க்கரைப் பாகில் கண்ணும் மூக்கும் வரைந்திருந்தது. கல்லறைத் திருநாளுக்காகச் செய்கிற ரொட்டி, கூடவே கருஞ்சோளமும் காட்டுப்பழங்களும் இலவங்கப்பட்டையும் போட்டுக் காய்ச்சிய ஊதாக் கஞ்சி குடிப்போம் என்றாள் மரிசோல்.

"மாவத் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டாள் மெட்டில்டா.

பேக்கரிக்காரி யோலாந்தா, மரிசோலின் சிநேகிதி. ஒரு உருண்டை மாவை மேசையில் போட்டாள். மரிசோலின் கைகளுக்கு ரொட்டி மாவு பழக்கமில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்: "யக்கா, நான் கையத் தளர விடுதேன். நீங்க பிசைங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா ஏசுவான்."

கைகள் மெட்டில்டாவுடையவை ஆயின. மணிக்கட்டால் அழுத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்தினாள். மாவு முதலில் முரண்டு பிடித்தது. பிறகு இளகி, உள்ளங்கைக்குள் உயிருள்ளதுபோல் புடைத்தது. யோலாந்தா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.  மெட்டில்டா நிறுத்தாமல் இன்னொரு உருண்டைக்குக் கை நீட்டினாள்.

கிளம்பும்போது யோலாந்தா மரிசோலின் தோளைப் பிடித்து, "ஏட்டி, ஒரு சேதி—" என்று ஆரம்பித்தாள். அவள் பார்வை மஞ்சள் பட்டையில் விழுந்தது. "சாயங்காலம் சொல்லுதேன்," என்று திரும்பிவிட்டாள்.

கம்பிவட வண்டி அவர்களைப் பிச்சின்சா எரிமலையின் சரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனது. மேலே மரங்களே இல்லை. மஞ்சள் புல் காற்றில் படுத்து எழுந்தது. கீழே, நீளமான பள்ளத்தாக்கு முழுக்க, யாரோ சோழிகளை வாரி இறைத்ததுபோல் கீட்டோ கிடந்தது. தூரத்தில் மேகத்துக்கு மேலே பனி மூடிய ஒரு கூம்பு தெரிந்தது. அது கோத்தோபாக்சி, இன்னும் புகைகிற மலை என்றாள் மரிசோல்.

"மரிசோல், ஓடலாமா?"

"இந்த உயரத்துலயா? மூச்சு முட்டும்க்கா."

"முட்டட்டும்."

மரிசோல் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, பேக்கரியில் செய்ததுபோலவே, உடம்பைத் தளர விட்டாள். மெட்டில்டா ஓடினாள். முதலில் தடுமாறினாள், புல்லில் கால் சிக்கியது. அப்புறம் கால்களுக்குத் தாளம் பிடிபட்டது. காற்று காதைக் கிழித்தது. நெஞ்சு எரிந்தது. குதிரைகளை வாடகைக்கு விடும் ஒருவர் என்னவோ கத்தினார். நிற்கவே கூடாது என்று ஓடி, நிற்க வேண்டியதாகி, புல்லில் மல்லாந்து விழுந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கினாள். பின்பு அழுகையும் சிரிப்புமாக நெடுநேரம் கிடந்தாள்.

"கால் வலிக்குது," என்றாள் மரிசோல். "செருப்பக் கழட்டட்டுமா?"

"வேண்டாம். இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும்."

 இருவரும் ஒரே கண்ணால் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தினமும் இதப் பாக்க நீ குடுத்து வச்சவ," என்றாள் மெட்டில்டா.

"தினமும் பாக்குறது மாதிரி இல்லக்கா. இன்னைக்குத்தான் மொத தடவ பாக்குற மாதிரி இருக்கு."

"அப்படி ஒரு அழகு, இல்லையா?"

"அதில்ல." மரிசோல் புல் ஒன்றைப் பிடுங்கினாள். "நெசமாவே எனக்கு ஞாபகம் இல்ல. இந்த வேலைக்கு வந்து நாலு வருஷம். எத்தனையோ பேரக் கூட்டிட்டு இங்க வந்திருப்பேன். ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. ஒரு நாள ரெண்டு தல வச்சுக்க முடியாதாம். முடிஞ்சதும் முழுசா உங்ககிட்ட போயிரும். நான் காலையில பட்டையக் கட்டுனது ஞாபகம் இருக்கும், சாயங்காலம் அவுத்தது ஞாபகம் இருக்கும். நடுவுல ஒண்ணும் இருக்காது."

மெட்டில்டாவுக்குக் கிளாடிஸ் சொன்னது அப்போதுதான் புரிந்தது. தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். எதுவும் தெரியாது.

"அதான் அந்த யோலாந்தா சேதி சொல்லாம நிறுத்திட்டாளா?"

"இந்த ஊர்ல எல்லாருக்கும் பழகிப்போச்சு. பட்டை போட்டவகிட்ட யாரும் முக்கியமானது பேச மாட்டாவ. சொன்னா சொன்னவனுக்குத்தான் வாய் நோவு. எங்கள 'இரவல் பொம்பள'ன்னு சொல்லுவாவ. ஏச்சு இல்ல. சும்மா சொல்லுறது."

"ஒனக்கு அது கஷ்டமா இல்லையா?"

"கஷ்டப்பட்டிருப்பேன்," என்றாள் மரிசோல். "ஞாபகம் இருந்தாத்தானே தெரியும்."

மெட்டில்டாவுக்குச் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. "இன்னைக்கு எங்க ஊர்லயும் கல்லறைத் திருநாள்தான். உங்க வீட்டுல யாரும் போய்ச் சேந்தாவளா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா. கால்தெரோன்ல கெடக்கா. வடக்க, ஊர் எல்லையில."

"எப்போ போவ?"

"வேலை முடிஞ்சு போகணும். அதுக்குள்ள இருட்டிரும். போன வருஷமும் போக முடியல. அதுக்கு முந்துன வருஷமும்." உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "நமக்கு அடுத்தது பூமியோட நடுக்கோடு இருக்குக்கா. ஒரு கால வடக்கயும் ஒரு கால தெக்கயும் வச்சு எல்லாரும் போட்டோ எடுப்பாவ. ரொம்ப நல்லா இருக்கும்."

"கோடு எங்கயும் போயிராது. அம்மாகிட்ட போவோம்."

"எனக்கு ஞாபகம் இருக்காதேக்கா."

"உங்கம்மாவுக்கு இருக்கும்லா."

கால்தெரோன் கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். குடும்பம் குடும்பமாகச் சமாதிகளின் மேல் துணி விரித்து, உருளைக்கிழங்கும் சோளமும் ரொட்டிக் குழந்தைகளும் பரப்பி, இறந்தவர்களுக்கு ஒரு பங்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் சிலுவைகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடின. ஒருவர் பாட்டுக் கேட்பவர்களின் இறந்தவர்களுக்காகக் கிட்டார் வாசித்துக்கொண்டு போனார்.

மரிசோல் நின்றாள். கால்கள் உறைந்ததை மெட்டில்டா உணர்ந்தாள். 

நீலச் சிலுவை நட்ட ஒரு மண் மேட்டின் பக்கத்தில், சக்கரம் வைத்த பெட்டியின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டுக் கோட்டு, குட்டையாக வெட்டிய முடி. மடியில் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம்.

"யாரு?"

"எங்கக்கா. ரோசியோ." மரிசோலின் பல் இறுகியது. "ஸ்பெயின்ல இருக்கா. அம்மா செத்ததுக்கு வரல. நீயும் செத்தவதான்னு போன்ல சொல்லிட்டேன். ஒம்பது வருஷமாப் பேச்சு இல்ல. வாங்கக்கா, போயிரலாம்."

ஆனால் அதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"மரி."

அவள் மஞ்சள் பட்டையைப் பார்த்தாள். அது அவளுக்கு வெறும் கைப்பட்டையாகத்தான் தெரிந்தது. அவள் போன காலத்தில் இந்த ஊரில் இரவல் பெண்கள் இல்லை.

"நீ பழைய வீட்டுல இல்ல. மூணு நாளாத் தேடுதேன். இன்னைக்கு எப்படியும் இங்க வருவேன்னு காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன். சாயங்காலம் எனக்கு பிளைட்டு," என்றாள் ரோசியோ.

 ரோசியோ, நின்றுவிட்டால் தைரியம் போய்விடும் என்பதுபோல் பேசிக்கொண்டே போனாள்.

"அன்னைக்கு நான் ஏர்போர்ட்டுக்குப் போனேன்டி. வாசல் வரைக்கும் போனேன். எங்கிட்ட அப்போ பேப்பர் கெடையாது. கெளம்பி வந்தா திரும்ப உள்ள விட மாட்டான். ரெண்டு பிள்ளைய அங்க இருக்கு, சின்னது அப்பத்தான் பொறந்து பால் குடிக்குது. சாயங்காலம் வரைக்கும் அந்த வாசல்லயே உக்காந்திருந்தேன். அம்மாவுக்கு மகளா வாரதா, பிள்ளைகளுக்கு அம்மாவா இருக்கதா… நீ கேக்கல. நானும் சொல்லல. நீ சொன்னதுதான் சரின்னு நெனச்சுட்டேன்."

  இது தன்னுடைய இடம் இல்லை என்று மெட்டில்டாவுக்குத் தெரிந்தது. போவதற்கோ வழி இல்லை.

பிறகு மரிசோல் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சின்னதுக்கு என்ன பேரு?"

"மரி," என்றாள் ரோசியோ. "உம் பேருதான்."

இரண்டு பேரும் சமாதியின் மேல் விழுந்துவிடுவதுபோல் கட்டிக்கொண்டார்கள். ரோசியோவின் கோட்டில் பெட்டிக்குள் கிடந்த துணியின் வாசனை அடித்தது. அவள் தோள் எலும்பு மரிசோலின் கன்னத்தில் குத்தியது. ஒன்பது வருஷத்துக் கனம் ஒன்று நெஞ்சிலிருந்து பெயர்ந்து, உருண்டு, கீழே போனதை மெட்டில்டா உணர்ந்தாள். அவள் வாழ்நாளில் அப்படி ஒன்றை அனுபவித்ததில்லை. ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அம்மாவுக்கு ஒன்று வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அழுதார்கள், சிரித்தார்கள், யாரோ ஒரு அத்தையின் நாயைப் பற்றிப் பேசினார்கள். வாடகை வண்டி வந்து ரோசியோவை ஏற்றிக்கொண்டு போகும்வரை மரிசோல் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

வண்டி கண்ணுக்கு மறைந்தபின் அவள் கை தானாகக் கீழே இறங்கியது.

"அவகிட்ட சொல்லியிருக்கலாமே, இந்தப் பட்டையப் பத்தி," என்றாள் மெட்டில்டா.

"எப்படிச் சொல்லுவேன்? அவ முகத்தப் பாத்தியள்லா?"

"நாளைக்குப் போன்ல சொல்லுவா. எல்லாத்தையும் மறுபடி சொல்லச் சொல்லு."

"சொல்லுவாக்கா. நானும் கேப்பேன். ஏர்போர்ட்டு, பேப்பர், பிள்ளை எல்லாம் தெரிஞ்சுக்கிடுவேன்." மரிசோல் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். "ஆனா நாளைக்குக் காலையில எந்திரிக்கும்போது எனக்கு அவ மேல நேத்து இருந்த கோவந்தான் இருக்கும். இன்னைக்கு அது எறங்கிப்போனதும் இந்த நாளோட உங்ககிட்ட வந்துரும், பாருங்க. சொன்னத மறுபடி சொல்லலாம். அழுதத மறுபடி அழ முடியுமா?"

 பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது மரிசோல் சொன்னாள்: "பரவால்லக்கா. உங்ககிட்ட இருக்கும்லா. பத்திரமா வச்சுக்கோங்க."

அந்த நாளைத் தனக்கே தரும்படி அவள் கேட்டிருந்தால் மெட்டில்டாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்டவளிடம் மாட்டேன் என்று சொல்லலாம். தனக்கு வாழ்க்கையில் இந்த ஒரு நாள்தான் என்று எடுத்துச் சொல்லலாம். மரிசோல் கேட்கவே இல்லை.

பள்ளத்தாக்கின் விளிம்பில் வெயில் சாய்ந்தது. பயணம் முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாகக் காதுக்குள் கிளாடிசின் குரல் வந்தது. "அக்கா, நேரமாச்சு. சேமிச்சிரட்டுமா?"

"கிளாடிஸ், இந்த நாள அந்தப் பிள்ளைக்கே வைக்க முடியுமா?"

கிளாடிஸ் எதையோ புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "விதியில இடம் இருக்கு. விருந்தாளி வேண்டாம்னு சொன்னா அவங்களுக்குப் போகும். ஆனா யாரும் அப்படிச் சொன்னதில்லக்கா. பாதி பாதி எல்லாம் வராது. உங்களுக்கு ஒண்ணுமே இருக்காது. நடந்தது, ஓடுனது, எதுவும்."

"யக்கா, வேண்டாம்," என்றாள் மரிசோல். அவள் இதயம் அடித்துக்கொண்டது இருவருக்கும் கேட்டது. "உங்க வீட்டுல அவரு காத்துக்கிட்டு இருப்பாரு. போய்ச் சொல்லணும்லா."

மெட்டில்டா பதில் சொல்லாமல் இன்னும் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னாள். செருப்பு கடித்த இடம் எரிந்தது. குதிகால் தரையில் பட்டு, விரல்கள் ஊன்றி, மறு கால் எழுந்தது. அந்தச் சாலை சற்று மேடாகவே இருந்தது. முடிகிற இடம்வரை ஏறி நின்றாள்.

"அவளுக்கே வையி," என்றாள்.

"அக்கா, நெசமாவா?"

"நெசமாத்தான். அவளுக்கே வையி."

விடியலில், மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது ரேமண்ட் தொப்பியைக் கழற்றினார். மாலையிலிருந்து கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது சிரித்தது. நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கியது. கடைசியில் அழுதது. எப்போது கேட்போம் என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

மெட்டில்டா அவரைப் பார்த்து விழித்தாள். "இனிமேத்தானே போகணும்? மாட்டும்."

கிளாடிஸ் போனில் நடந்ததைச் சொன்னாள். ரேமண்ட் அவளை ஏசினார். கம்பெனியை ஏசினார். அப்புறம் மனைவியின் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைபோல் உடைந்த குரலில், "ஏம் பிள்ள? ஏன் குடுத்த?" என்று கேட்டார்.

"தெரியலயே," என்றாள் மெட்டில்டா. கூரையைப் பார்த்து யோசித்தாள். தேடிப்பார்க்க ஒரு மூலைகூட அங்கே இல்லை. "ஆனா நாந்தானே குடுத்திருக்கேன். காரணம் இல்லாமலா குடுத்திருப்பேன்?"

அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவள்தான் அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மரிசோல் கூப்பிட்டாள். கிளாடிஸ் சட்டத்தைக் கொஞ்சம் வளைத்து எண்ணைக் கொடுத்திருந்தாள். தலையணைமேல் சாய்த்துவைத்த போனில் வட்ட முகமும் ஒற்றைப் பின்னலுமாக ஒரு பெண் தெரிந்தாள். மெட்டில்டா அவளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். மரிசோலோ, உடன்பிறந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

போனில் இருந்தது சாதாரண மொழிபெயர்ப்புதான். தெருப் பேச்சு தெரியாது. செய்தி வாசிப்பவரின் குரலில் அது பேசியது: "வணக்கம் சகோதரி. உங்களுடைய நாளை உங்களுக்குச் சொல்வதற்காக அழைத்திருக்கிறேன்."

மரிசோல் ஒன்று விடாமல் சொன்னாள். இறக்கை வைத்த மாதா, வாய் திறந்த ஆமைகள், மாவு, புல்வெளி. "நீங்கள் மிக வேகமாக ஓடினீர்கள்," என்றது செய்தி வாசிப்பவர் குரல். ரேமண்டுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோசியோவைப் பற்றிக் கேட்டபோது மெட்டில்டா, "அதானே பாத்தேன்," என்று மட்டும் சொன்னாள். ரோசியோ தினமும் கூப்பிடுகிறாளாம். சின்ன மரிக்குப் பாட்டுப் பாடிக் காட்ட வேண்டியிருக்கிறதாம்.

எல்லாம் முடிந்தபின் மரிசோல் தயங்கினாள்.

"இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த நாள் என்னிடம் வந்தபோது உங்கள் மனத்தில் இருந்ததும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. நானும் என் அக்காவும் கட்டிக்கொண்டபோது நீங்கள் ஒன்றை நினைத்தீர்கள். வாயால் சொல்லவில்லை. சொல்லட்டுமா?"

ரேமண்ட் எழுந்தார். "நான் வேணா வெளிய இருக்கேன்."

"இரும்," என்றாள் மெட்டில்டா. தான் என்ன நினைத்திருப்போம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் முகம் சூடேறியது. "சொல்லு மரிசோல்."

"உங்கள் கணவர் ஒரு நாளில் நூறு முறை உங்களைத் தொடுகிறார்," என்றது அந்தக் குரல், வானிலை அறிக்கை வாசிப்பதுபோல. "திருப்புவதற்காக, துடைப்பதற்காக, ஊட்டுவதற்காக. அவர் கையில் எப்போதும் ஒரு துணியோ கரண்டியோ இருக்கிறது. காதுக்குப் பின்னால், கழுத்தில் முடி தொடங்கும் இடத்தில் உங்களுக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறது. ஆறு வருடங்களாக அந்த இடத்தை அவர் சும்மா தொட்டதில்லை. கேட்டால், தன் கவனிப்பில் குறை இருக்கிறது என்று வருந்துவாரோ என நீங்கள் கேட்கவில்லை."

 கீட்டோவில் எங்கோ ஒரு நாய் குரைத்தது போனில் கேட்டது.

மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டாள். அது தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நாளைக் கொடுத்துவிட்டதால் போய்விடவில்லை. அதற்கு முன்னாலும் இருந்தது, இப்போதும் இருந்தது.

ரேமண்ட் கையில் அப்போதும் ஒரு துண்டு இருந்தது. அதைப் பார்த்தார். நாற்காலி முதுகில் போட்டார். கைகளைக் கைலியில் துடைத்துக்கொண்டார், பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தம்ளரை வாங்குமுன் துடைத்துக்கொண்டதைப் போல. பிறகு கட்டிலில், அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் முடி தொடங்கும் இடத்தில் விரல்களை வைத்தார்.

"இங்கனயா?"

"கொஞ்சம் கீழ," என்றாள் மெட்டில்டா.